உப்பைத் தாங்கிய ஆறு மாங்கன்றுகள்

1981 ஆடி 20, இரவு.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. அதை ஊற்றி வளர்த்த நாற்பது மாங்கன்றில் ஆறுதான் பிழைத்தது. இன்று காலை என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"இதையும் பிடுங்கிட்டு சவுக்கு வைக்கலாம்."

"பிடுங்காதீங்க. மத்ததெல்லாம் செத்த தண்ணியில இதுங்க நிக்குது. இந்த வேர் மேலதான் நல்ல மாங்குச்சி ஒட்டுக் கட்டணும்."

"உனக்குக் கட்டத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நர்சரியில ரெண்டு வருஷம் வேற என்ன பண்ணேன்?"

மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு பஸ் ஏறிப் போனவர், என் அண்ணன் தோப்பிலிருந்து பங்கனப்பள்ளிக் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சாயங்காலத்துக்குள் ஆறையும் கட்டிவிட்டேன். கடைசிக் கன்றில் மட்டும் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. அதுதான் மனசில் நிற்கிறது. மற்ற ஐந்திலும் ஒட்டுப் பிடிக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை.