‘துதிக்க’ என்ற தலைப்பின் கீழ்

தம்பி,

இன்று மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது, கருவாட்டுக் கூடையோடு ஓர் அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்டக்டர் முகம் சுளித்தார். எதிர் இருக்கைக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ நீயே பேருந்தில் ஏறிவிட்டது போல இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்கு நீ நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடுதானே வருவாய்? அதையும் நான் எழுதிய செய்தி மடலிலேயே சுற்றிக்கொண்டு வருவாய். கேட்டால், "உங்க தமிழு கருவாட்டுக்கு நல்லா தாங்குது டீச்சர்" என்பாய்.

கருங்குழிக்காரன் நீ. மறைமலைநகர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, எங்கள் செங்கல்பட்டு சபையின் மிஷனரியாக மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனாய். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள் என்பதால் மடல் வேலை என் தலையில் விழுந்தது. நீ சொல்வாய், நான் எழுதுவேன். அதில் இரண்டே பகுதி: ‘துதிக்க’, ‘ஜெபிக்க’. எந்தக் கஷ்டத்தை எழுதினாலும் கடைசியில் கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லும் ஒரு சாட்சியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இது மிஷனரிக் குழுவின் எழுதாத சட்டம். கஷ்டத்தைக் கஷ்டமாகவே விட்டால் படிக்கிறவர்கள் சோர்ந்துபோவார்களாம். புயலில் உன் வீட்டுக் கூரை பறந்ததை, வானத்தின் கீழ் ஜெபிக்கக் கிடைத்த பாக்கியம் என்று எழுதியவள் நான். அதைப் படித்துவிட்டு, "எனக்குப் பல்லு வலின்னாகூட அதுக்கொரு வசனம் தேடிப் புட்ச்சுடுவீங்க டீச்சர்" என்று சிரித்தாய். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் பேருந்து நின்றது. உன் மாத அறிக்கை வாட்ஸப்பில் குரலாக வந்தது. நடுநடுவே இருமல்.

"டீச்சர், நாலு நாளா ஜொரம். இவளுக்கும் கீது. பயமா கீது டீச்சர். ஜெபம் பண்ணலாம்னு முட்டி போட்டா வார்த்தையே வர்ல. நம்ம சபையில யாராச்சும் ஒரு வண்டி எட்த்துகினு வந்து ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனா நல்லாருக்கும்."

இதைக் கேட்டு நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘சரீர பலவீனத்தின் மத்தியிலும் கர்த்தர் நம் ஊழியரையும் அவர் மனைவியையும் அற்புதமாகத் தாங்கி வருகிறார்.’ ‘ஜெபிக்க’ பகுதியில்கூடப் போடவில்லை. ‘துதிக்க’ பகுதியில் போட்டேன். வண்டியை விட்டுவிட்டேன். பயத்தையும் விட்டுவிட்டேன். ஊழியக்காரன் பயப்படுவதாக மடலில் எழுதும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

அன்று மாலை ஜூம் கூட்டத்தில் வாசித்தேன். ஆளாளுக்கு ஆமென் சொன்னார்கள். குழுத் தலைவர், "அருமையா எழுதியிருக்கீங்க சிஸ்டர்" என்றார். நீயும் எங்கேயோ ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். கூட்டம் முடிந்ததும் ஒரே ஒரு வரி பேசி அனுப்பினாய்: "கேட்டேன் டீச்சர். நல்லாதான் கீது."

உனக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். நீ கோபப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து உன் பக்கத்து வீட்டுப் படகுக்காரர் போன் செய்தார். உன்னை மச்சான் என்று கூப்பிடுவாரே, அவர்தான். ஆறு வருஷத்தில் உன் ஜெபக்கூட்டத்துக்கு ஒருநாள்கூட வராதவர். "டீச்சரம்மாவா? மச்சானை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துகீறேன். மூச்சு வாங்குது. உங்க ஆளுங்க யாரும் வர்லியா?"

அந்த ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். மாஸ்க்கைக்கூட மாட்டிக்கொண்டேன். போனைக் காதில் வைத்தபடியே எங்கள் வீட்டு கேட் வரைக்கும் போனேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, "நாங்க ஜெபிச்சிட்டிருக்கோம்" என்றேன். "சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். கடைசி வரை அவர்தான் பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

உன் மறைவுக்காக வந்த மடலில், நீ பேசியதை ஒரு சொல் மாற்றாமல் எழுதிக் கொடுத்தேன். தலைவர் அதை எடுத்துவிட்டு, ‘வெற்றி வீரராய் மகிமைக்குள் பிரவேசித்தார்’ என்று போட்டார். அதோடு அந்த வேலையை விட்டேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. விட வேண்டிய நேரத்தில் விடவில்லை.

உன் மனைவி இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாள். "அவரு பேசினதை அப்டியே படிச்சிருந்தா யாராச்சும் வந்திருப்பாங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

போன மழைக்காலத்தில் உன் குப்பத்துக்குப் புதிதாக ஒரு தம்பதியை அனுப்பினார்கள். யாரிடமும் சொல்லாமல் பார்க்கப் போனேன். ஏழு மாத வயிற்றோடு இருந்த அந்தப் பெண், நான் உட்காருவதற்குள், "கர்த்தர் நல்லா நடத்துறாருக்கா" என்றாள்.

"அவர் நடத்துறது இருக்கட்டும். உனக்கு உடம்புக்கு என்ன, அதைச் சொல்லு."

என்னையே பார்த்தாள். பிறகு அழுதாள். கால் வீக்கம், தலைசுற்றல், கண் மங்கல். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்களாம். அப்படியே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இன்னும் ஒருநாள் தள்ளியிருந்தால் ஆபத்து என்றார் டாக்டர்.

தாயும் பிள்ளையும் நலம். தலைவர் போன் செய்து, "நல்ல சாட்சி சிஸ்டர், மடல்ல போடலாமா?" என்றார். போடக் கூடாது என்று சொல்லி வைத்துவிட்டேன். மாதா மாதம் போகிறேன், அதே கேள்வியைக் கேட்கிறேன். அது உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தம்பி. இனி யாரிடம் கேட்டாலும் உன்னிடம் கேட்டதாகாது.