மஞ்சள் கயிறு கட்டிய பிறகு எடுத்த படங்கள்

இன்று காலை கற்பூரம் வாங்க வலியசாலைப் பூஜைக்கடைக்குப் போனேன். புதிதாய் நனைத்த மஞ்சள் கயிறுகள் கொத்தாகத் தொங்கின. அந்த ஈர மணம் பட்டதும் கேட்க வந்ததை மறந்து நின்றேன். இதே கடையில்தான் நீ கை நிறைய வாங்குவாய். "எந்தா மோளே, தினமும் கல்யாணமோ?" என்று பாதி மலையாளத்தில் கேட்பார் கடைக்காரர். "ஆமா மாமா, பொண்ணுதான் மாறிண்டே இருப்பா" என்று சிரிக்காமல் சொல்வாய்.

பயமுறுத்தும் முகங்களைக் காட்டினால் ஆணின் மூளையும் பெண்ணின் மூளையும் எப்படி வேறுபடுகின்றன என்று ஸ்கேனில் பார்க்கும் ஆராய்ச்சி அது. அப்போது நாம் இருவரும் அதில் உதவியாளர்கள். வருகிறவர்களைத் தயார்செய்து இயந்திரத்துக்குள் அனுப்புவது நம் வேலை. உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது. ஆண்கள் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டுப் படுத்துவிடுவார்கள். பெண்களுக்கு வளையல், மூக்குத்தி, மெட்டி, கொண்டை ஊசி என்று நீளும். கடைசியில் தாலி.

கரமனையில் உங்கள் தெருவிலிருந்தே ஒரு மாமி வந்தாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணம் ஆனதுலேருந்து இதைக் கழட்டினதே இல்லைடீ கொழந்தே" என்றாள். ஒப்புக்கொண்டுதான் கழற்றினாள். ஆனால் வெளியே வந்தபோது அவள் காதோரம் கண்ணீர் காய்ந்திருந்தது. நான் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன், தலை குனிந்துகொண்டேன். நீ மறுநாள் மஞ்சள் கயிற்றோடு வந்தாய். அதன்பிறகு முதலில் கயிற்றைக் கட்டி, பின்னர்தான் தங்கத்தைக் கழற்றினோம்.

சில வாரம் கழித்து, பஸ்ஸில் வரும்போது நீ சட்டென்று கேட்டாய். "கயிறு கட்டிண்டு போறவா எவ்வளவு நிதானமாப் படுத்துக்கறா, கவனிச்சியோ?"

"கவனிச்சேன். முன்னாடி வந்தவங்க கையெல்லாம் நடுங்கிச்சு."

"அப்போ முன்னாடி எடுத்த படத்துல இருக்கற பயம் எந்தப் பயம்? முகத்தைப் பார்த்ததாலயா, கழுத்து வெறுமையா இருந்ததாலயா? ஆணுக்கும் பெண்ணுக்கும் தலைக்குள்ள வித்தியாசம் இருக்கட்டும்டீ. உள்ளே போறச்சே ரெண்டு பேரும் ஒரே மாதிரி போகணுமோல்லியோ? திங்கக்கிழமை மீட்டிங்ல சார்கிட்ட கேட்கப்போறேன்."

"நீயே கேளு. என்னை இழுக்காதே."

"பயந்தாங்கொள்ளி," என்று என் பின்னலை இழுத்தாய்.

அந்தத் திங்கட்கிழமை நீ வரவில்லை. மழைக்காலக் காய்ச்சல் என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை நீயே இல்லை.

மீட்டிங்கை ஒருமுறைதான் தள்ளிவைத்தார்கள். ஆராய்ச்சியை நடத்திய சார் திரையில் படங்களைக் காட்டினார். பெண்களின் படங்களில் பயத்தோடு தொடர்புடைய பகுதி கூடுதலாக ஒளிர்ந்தது. கட்டுரை எழுதத் தொடங்கலாம் என்றார். நான் பேசாவிட்டால் உன் கேள்வி அந்த அறைக்கு வராமலே போய்விடும். எங்கள் வீட்டில் பட்டப்படிப்பு படித்தவள் நான் ஒருத்திதான். பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்காரும் மேஜைகளின் முன்னால் அதுவரை வாயைத் திறந்ததில்லை. எழுந்து நின்றேன்.

"எந்தா குட்டி?" என்றார் சார். என் நாக்குக்கு மலையாளமும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. தமிழிலேயே சொன்னேன். தாலி, கயிறு, கண்ணீர், எல்லாம். யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "இது யாருடெ ஆலோசனை?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். கட்டுரையை நிறுத்திவைத்து, மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

முதலில் வந்த பெண்களை மறுபடி அழைத்தோம். இந்த முறை அவர்கள் கழுத்தில் நான் கயிறு கட்டினேன். வித்தியாசம் குறைந்தது; முழுக்க மறையவில்லை. முழுக்க மறைந்திருந்தால் நீயே சந்தேகப்பட்டிருப்பாய். கட்டுரையில் குறைந்ததையும் மறையாததையும் எழுதினோம். சார் உன் பெயரையும் சேர்த்தார்.

அதன்பிறகு ஆண்களிடமும் பயமா என்று கேட்கத் தொடங்கினேன். விழிஞ்ஞத்திலிருந்து வந்த மீன்பிடிக்கிற அண்ணன் ஒருவர் முதலில், "எனக்கோ? கடல்ல போறவனுக்கோ?" என்று சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, "உள்ளே ரொம்ப இருட்டா இருக்குமோ மோளே?" என்றார். அவரையும் அவசரப்படுத்தாமல் உட்காரவைத்தேன்.

இப்போது வேறு ஆராய்ச்சி, வேறு மேஜைகள். ஆண் மூளை இப்படி, பெண் மூளை இப்படி என்று யாராவது முடித்துவிடப் பார்த்தால் எழுந்துவிடுகிறேன். படம் எடுக்கும் முன் அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறேன். குரல் இன்னும் நடுங்குகிறது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேள்வி முடியும்வரை உட்காருவதில்லை.