பெயர் எழுதிய சிவப்புப் பூட்டு

மார்ச் 8, திங்கள்

காலை சைபருக்குக் கீழே 2. மத்தியானம் உருகும் என்கிறார்கள். வாகனத் தரிப்பிடத்தில் பனிக்குவியல் இன்னும் என் உயரம், கறுத்த அழுக்கு.

நீச்சல் தடாகம்: வெப்பம் 21. குளோரின் 1.8. பி.எச். 7.4. ஒரு பம்ப் மட்டும் ஓடுகிறது. நல்ல தண்ணீர்.

கொரோனாவால் மூடி நாலாவது மாதம். கட்டடம் நகரசபையுடையது, ஒப்பந்தத்தில் நடத்துவது எங்கள் கம்பனி. ஆட்கள் வராவிட்டால் கம்பனிக்கு வருமானம் இல்லை. நட்டத்தை யார் ஏற்பது என்று இரண்டு பகுதியும் மாறிமாறிக் கடிதம். நடுவில் நானும் இருபத்தைந்து மீற்றர் தண்ணீரும்.

முன்மேசைப் பிள்ளைகளை நிறுத்திவிட்டதால் அந்த வேலையும் என் தலையில். கட்டணம் திருப்பிக் கொடுக்க ஃபோன் எடுக்க வேண்டியவர்கள் 14. எடுத்தது 11. கடைசி ஆள் கமலா அன்ரி, செவ்வாய்க்கிழமைப் பெண்கள் நேரத்துக்கு ஒரு நாளும் தவறாதவர். முழங்கால் இரண்டும் தேய்ந்தவர், தண்ணீருக்குள் மட்டும்தான் நோவில்லாமல் நடப்பார்.

"காசு கிடக்கட்டும் பிள்ளை. தண்ணி நிக்குதோ?"

"நிக்குது அன்ரி."

"அப்ப காசும் அங்கையே நிக்கட்டும்."

பால். என் மனுசன் யூட்டின் பிரஷர் குளிசை. மறக்கக்கூடாது.

மார்ச் 9, செவ்வாய்

வெயில். 9 பாகை. கூரையிலிருந்து நாள் முழுக்கச் சொட்டு.

வெப்பம் 21. குளோரின் 1.7. பி.எச். 7.4.

மனேஜர் ரிஷி வந்தான். முப்பத்தொரு வயது, இந்தக் குளிர் நாட்டில் பிறந்தவன், நல்ல பிள்ளை. பம்ப் அறை வாசலில் ஆறடி தள்ளி நின்றான். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும், அதுவும் நிலத்தைப் பார்த்தபடி.

"அன்ரி, ஐம் சொறி. வெள்ளிக்கிழமை தண்ணியை முழுக்க ட்ரெயின் பண்ணி இறக்கட்டாம். தண்ணியைச் சூடாக்கிற காஸ் பில் கட்டேலாதாம். ஹெட் ஒஃபீஸ் முடிவு."

"பனி உருகிற நேரத்திலை தண்ணியை இறக்கினால் என்ன நடக்கும் எண்டு அவைக்குத் தெரியுமோ?"

"நோ. எனக்கும் தெரியாது, அன்ரி."

சொன்னேன். பனி உருகி நிலம் ஊறும். தடாகத்துக்கு அடியில் சேரும் தண்ணீர் தளத்தை மேலே தள்ளும். அதை அமத்தி வைத்திருப்பது உள்ளே நிற்கும் தண்ணீரின் பாரம்தான். இதை இறக்கினால் தளம் எழும்பும், ஓடு வெடிக்கும். பிறகு திருத்தக் காசில்லை என்பார்கள். கதவு பூட்டினபடியே கிடக்கும். அடுத்த முறை நாங்கள் பார்க்கும்போது மாடி வீட்டு விளம்பரப் பலகை நிற்கும்.

"எழுதித் தாங்கோ, அனுப்புறன்" என்றான். இரண்டு பக்கம் எழுதினேன், ஆங்கிலத்தில். எழுத்துப் பிழையை மெஷின் பார்த்தது. ஆத்திரத்தை நான் பார்த்துக் குறைத்தேன்.

மன்னாரில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் நாற்பத்தைந்து வயதுவரை எனக்கு நீந்தத் தெரியாது. பம்ப் அறையில் ஏழு வருடம் வேலை செய்த பிறகுதான் தண்ணீரில் இறங்கினேன். ஆழம் குறைந்த பக்கத்தில், கமலா அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு. முதல் முறை மிதந்தபோது சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்தத் தண்ணீரைத்தான் காஸ் பில்லுக்காக ஊத்தப் போகிறார்களாம்.

மார்ச் 10, புதன்

முகில். 11.

வெப்பம் 21. குளோரின் 1.8.

பதில் வந்தது. இரண்டே வரி. உங்கள் கருத்துக்கு நன்றி, வெள்ளிக்கிழமை வேலை திட்டப்படி நடக்கும். கீழே இன்னொரு கடிதம்: நாளை மாலையோடு எனக்கு லேஓஃப், வேலை இல்லை.

ஒப்படைக்க வேண்டியவை: திறப்பு 9, ஒரே சாவிக் கோர்வையில். கம்பனி ஜக்கெற். அடையாள அட்டை. பரிசோதனைப் பெட்டி.

அழவில்லை. புட்டு அவித்தேன், மா கட்டிபட்டுப் போனது. யூட்டும் கிடங்கு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டில்தான்.

"விடுமப்பா. உம்மடை வீட்டுத் தண்ணியே அது?"

"ஓம், என்ரை தண்ணிதான்."

எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுத் தந்தார். சீனி கூட. குடித்துக்கொண்டிருக்கும்போது என் பூட்டு ஞாபகம் வந்தது.

மார்ச் 11, வியாழன்

மழை. 14. பனிக்குவியல் பாதியாகிவிட்டது. நிலம் முழுக்கச் சதசதவென்று.

வெப்பம் 21. குளோரின் 1.9. பி.எச். 7.4. கடைசி நாளென்று தண்ணீருக்குத் தெரியாது.

எங்கள் வேலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு. இயந்திரத்துக்குள் கை இருக்கும்போது யாரும் தெரியாமல் முடுக்கிவிடக்கூடாது என்பதற்காக. பெயர், திகதி, காரணம் எழுதிய மட்டையும் கொழுவ வேண்டும். பூட்டினவர்தான் திறக்கலாம். பயிற்சியில் முதலில் படிப்பிப்பது இதைத்தான். பதினெட்டு வருடத்தில் ஒருவரும் மற்றவர் பூட்டில் கை வைத்து நான் கண்டதில்லை.

பி.ப. 2.15. தண்ணீர் இறக்கும் வால்வில் பூட்டினேன். மட்டை: "ஸ்ரெலா. மார்ச் 11. தண்ணீர் இறக்கினால் தளம் எழும்பும் ஆபத்து. நகரசபைப் பொறியியலாளர் பார்க்கும்வரை திறக்க வேண்டாம்." ஒரு சொல்லும் பொய்யில்லை. படம் எடுத்து நகரசபைக் கட்டடப் பகுதிக்கும் கவுன்சிலர் அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.

மாலை ரிஷியிடம் திறப்புக் கோர்வையைக் கொடுத்தேன். அதற்கு முன் பம்ப் அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், வால்வுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். வந்து திறப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினான்.

"ஒன்பதும் சரி, அன்ரி."

பத்தாவது என் சிவப்புப் பூட்டின் திறப்பு. அதைப் பற்றி அவன் கேட்கவில்லை.

மார்ச் 12, வெள்ளி

காற்று. தவக்காலம், இறைச்சி இல்லை. பருப்பும் வெண்டிக்காயும்.

10.20க்கு ரிஷி ஃபோன். தண்ணீர் இறக்கக் கூலிக்குப் பிடித்த ஆள் குழாயோடு வந்து நிற்கிறாராம்.

"அன்ரி, அந்த மனுசன் தொடமாட்டன் எண்டுறார். ஆற்றையோ பேர் போட்ட பூட்டுக் கிடக்காம். இருபது வருசமா உப்பிடி ஒண்டை வெட்டினதில்லையாம்."

"நல்ல மனுசன்."

"ஹெட் ஒஃபீஸ் மற்ற லைனிலை நிக்கினம். உங்களை வந்து திறக்கச் சொல்லட்டாம்."

"நான் லேஓஃப், தம்பி. வேலையிலை இல்லாத ஆள் பம்ப் அறைக்குள்ளை வரேலாது. உங்கடை சட்டம்தான்."

மெல்லிய சிரிப்பு கேட்டது.

"ஓகே. நான் அப்பிடியே சொல்லுறன்."

பூட்டின் படத்தைக் கமலா அன்ரிக்கு மட்டும் என்று அனுப்பினேன். மனுசி உலகத்துக்கே அனுப்பிவிட்டார். பின்னேரம் கவுன்சிலர் அலுவலக ஃபோனில் செய்தி விட இடமில்லையாம். எங்கள் மல்வேர்ன் பகுதி அன்ரிமார் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறார்கள்: தண்ணி நிக்குதோ?

மார்ச் 14, ஞாயிறு

பூசை கணினியில். மனம் நிற்கவில்லை. இரண்டு நாளாக ஒரு தகவலும் இல்லை. பம்பை நிறுத்தியிருப்பார்கள். குளோரின் எவ்வளவு? தெரியாது. அதுதான் பெரிய கரைச்சல். பதினெட்டு வருடத்தில் எண் தெரியாமல் இருந்த நாட்கள் குறைவு.

பூட்டை வெட்டியிருந்தால்? பயமாக இருக்கிறது. வெட்டினாலும் நான் செய்தது சரி.

மார்ச் 16, செவ்வாய்

தூறல். 4.

9.40. நகரசபைப் பொறியியலாளர் ஃபோன், ஒரு பெண். நேற்றே போய்ப் பார்த்தாளாம். கட்டடத்துக்கு வெளியே உள்ள குழியில் நிலத்தடித் தண்ணீர் ஏறி நிற்கிறதாம். தடாகத்தைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கம்பனி மாதக் கடைசியோடு ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அதன் பிறகு நகரசபை பொறுப்பு. பூட்டு அப்படியே இருக்கட்டும் என்றாள்.

பிறகு குரலை இறக்கிக் கேட்டாள், அதுவரை நாளுக்கு ஒரு தடவை வந்து தண்ணீரைப் பார்ப்பீர்களா, ஒரு உதவியாக.

உதவி இல்லை, வேலை என்றேன். முழுச் சம்பளம். பூட்டின் திறப்பு என்னிடம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

கேட்டுச் சொல்வதாக வைத்தாள். நாற்பது நிமிடம் வீட்டுக்குள் நடந்தேன். யூட் மூன்று தடவை தேத்தண்ணி போட்டார். 10.35க்கு திரும்ப எடுத்தாள். சரியாம்.

பி.ப. 1.00. ரிஷி வாசலில். ஒன்பது திறப்பையும் நீட்டினான். எண்ணாமல் வாங்கினேன்.

வெப்பம் 17. குளோரின் 0.3. பி.எச். 7.9. சுவரோரம் பாசி. கேவலம். ஆனால் மட்டம் விளிம்புவரை.

பம்பைப் போட்டுவிட்டுக் கமலா அன்ரிக்கு ஃபோன் எடுத்தேன்.

"நிக்குதோ?"

"நிக்குது அன்ரி. கொஞ்சம் பச்சை."