கை தூக்கியவர்கள்

ராச்டேல், இங்கிலாந்து
4 பிப்ரவரி 1990

அன்புள்ள டெஸ்மண்டுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. எப்படி வந்தாலும் இதைத்தான் தபாலில் போடப் போகிறேன்.

நான் பெரில், உன் அக்கா. குழந்தைகள் இல்லத்திலிருந்து உன்னை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியபோது உனக்கு ஏழு வயது, எனக்குப் பதினொன்று. உனக்கு யாருமே இல்லை, அம்மா செத்துப்போனாள் என்று சொல்லி உன்னை வளர்த்தார்களாம். உன் முகவரியைத் தேடிக் கொடுத்த மிஸஸ் ஆல்காட் சொன்னார். அது பொய். நான் இருக்கிறேன், அம்மாவும் இருக்கிறாள். எழுபத்து மூன்று வயது, முட்டி வலி, நெஞ்சில் பழைய சளி. வாயில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அவளிடமும் பொய்தான் சொன்னார்கள். அங்கே ஒரு நல்ல குடும்பம் உன்னைத் தத்தெடுத்துக்கொண்டது, தொந்தரவு செய்யாதே என்றார்கள்.

நீ கிடைத்துவிட்டாய் என்றதும், "ஒழுங்கா சாப்பிடுறானாமா?" என்று கேட்டாள். நாற்பது வருஷம் கழித்து முதலில் கேட்டது அதுதான்.

எனக்கு இடது காது கேட்காது, வலது காதும் சுமார்தான். அதனால் ஃபோன் வேண்டாம், எழுது. ஒரு வரி போதும்.

உன் அக்கா,
பெரில்

*

மெரிடின், மேற்கு ஆஸ்திரேலியா
26 பிப்ரவரி 1990

அன்புள்ள பெரில்,

சாப்பிடுகிறேன் என்று சொல். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, டப்பாவில் வருகிற பீன்ஸ். சமையல் நானேதான். மனைவி இருந்தாள். "உன்கூட குடித்தனம் பண்றதும் வேலிக்கம்பத்துகூட குடித்தனம் பண்றதும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அவள் சொன்னதில் தப்பில்லை. கோதுமைப் பண்ணைகளுக்கு வேலி போடுவதுதான் எனக்குத் தொழில். நாள் முழுக்க வாயைத் திறக்க வேண்டியதில்லை.

உன் கடிதம் மூன்று நாள் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. சந்தோஷமாக இருக்கிறதா என்று மிஸஸ் ஆல்காட் ஃபோனில் கேட்டார். தெரியவில்லை என்றேன். ஒரு லாரி சுமையை இறக்கிவிட்டு உட்கார்ந்த மாதிரி அலுப்பாக இருக்கிறது.

அம்மாவிடம் நேரில் ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் வருவேன். அன்றைக்கு இல்லத்துக் கூடத்தில் ஒருவர் படமெல்லாம் காட்டி, "குதிரை மேல ஏறிப் பள்ளிக்கூடம் போகலாம், மரத்துல இருந்தே ஆரஞ்சு பறிச்சுத் தின்னலாம், யார் யாரெல்லாம் ஆஸ்திரேலியா வர்றீங்க?" என்று கேட்டார் அல்லவா? நான் கை தூக்கினேன். ஒருவரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. இங்கே வந்து, வெறுங்காலோடு சுண்ணாம்பு சுமந்து கட்டடம் கட்டினோம். கால் வெந்து அழுதால் மேற்பார்வைக்காரர், "நீயா கை தூக்கித்தானடா வந்தே" என்பார். அடி விழும்போதும் அதே பேச்சு. அவர் சொல்வது சரிதானே என்று நானும் வாங்கிக்கொள்வேன். அம்மாவை விட்டுவிட்டு வந்தவன் நான்தான். அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும்.

செப்டம்பரில் வேலை குறைவு. அப்போது வரலாம் என்றிருக்கிறேன்.

டெஸ்மண்ட்

*

ராச்டேல்
18 மார்ச் 1990

அன்புள்ள டெஸ்மண்ட்,

நீ வருகிறாய் என்றதும் அம்மா பின்னறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டாள். செப்டம்பருக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்றால், "உன்னைக் கேட்டேனா?" என்கிறாள். முட்டி வலியோடு மாடிப்படி ஏறுகிறாள். சொன்னால் கேட்பதில்லை. இங்கே இரண்டு வாரமாக ஓயாத மழை.

ஒரே ஒரு விஷயம். கை தூக்கியதைப் பற்றி அம்மாவிடம் எதுவும் பேச வேண்டாம். அவர்கள் உன்னைப் பிடுங்கிக்கொண்டு போனதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். வயதான காலத்தில் அவளுக்கு எதற்கு இதெல்லாம்? நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

உன் அக்கா,
பெரில்

*

மெரிடின்
9 ஏப்ரல் 1990

பெரில்,

வாயை மூடிக்கொண்டு வா என்கிறாய். அது எனக்குப் பழக்கம்தான். இங்கே நாங்கள் இருந்த இல்லத்தைப் பார்க்க வெளியாட்கள் வரும் நாளில் எங்களுக்குச் செருப்புக் கொடுத்து, "யார் கேட்டாலும் சந்தோஷமா இருக்கோம்னு சொல்லணும், புரிஞ்சுதா?" என்பார்கள். அவர்கள் போனதும் செருப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

இந்த வயதில் இன்னொரு தடவை என்னால் முடியாது. வந்தால் சொல்வேன். சொல்லக்கூடாது என்றால் வரவில்லை. டிக்கெட் இன்னும் வாங்கவில்லை, நீயே யோசித்து எழுது.

டெஸ்மண்ட்

*

ராச்டேல்
2 மே 1990

அன்புள்ள டெஸ்மண்ட்,

அம்மாவுக்காக அல்ல, எனக்காகத்தான் சொல்லாதே என்றேன். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை.

நீ கை தூக்கவில்லை. உன் கையைப் பிடித்துத் தூக்கியது நான்.

அந்த ஆள் பேசியதை நீ கேட்கவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் காய்ந்த புண்ணைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். குதிரை என்றதும் நான் கையைத் தூக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நீ தூக்கவில்லை. நான் மட்டும் போய்விடுவேனோ என்று பயந்து உன் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், ஏதோ விளையாட்டு என்று நினைத்தாய். ஆஸ்திரேலியா என்றால் நம் ஊர்ப் பக்கத்து பிளாக்பூல் கடற்கரை மாதிரி, போய்விட்டு வந்துவிடலாம் என்றுதான் எனக்கும் நினைப்பு.

அடுத்த வாரம் டாக்டர் என் காதில் சீழ் இருக்கிறது என்று என்னைக் கழித்துவிட்டார். நீ மட்டும் போனாய். "அவனையும் அனுப்பாதீங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அழுதேன்தான், ஆனால் உனக்காக அழவில்லை. குதிரை கிடைக்கவில்லையே என்று அழுதேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நெஞ்சு நோய் குணமாகி அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது, "தம்பி எங்கேடி?" என்று கேட்டாள். "புடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்றேன். இன்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரில்

*

மெரிடின்
11 ஜூன் 1990

பெரில்,

நீ செய்ததற்கு நாற்பது வருஷம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அடி வாங்கும்போது எல்லாம் நம்மால்தான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தில் அதற்கு என்ன பதில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றும் இல்லை.

நான் வரவில்லை. இனி எழுத வேண்டாம்.

டெ. ஹார்ன்பி

*

ராச்டேல்
22 ஜூலை 1990

அன்புள்ள டெஸ்மண்ட்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

நீ வரவில்லை என்று அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்போது அவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை என் மேல் வீசுவாளோ என்றுகூட நினைத்தேன். சீவுவதை நிறுத்தாமல், "நீ கையைத் தூக்கிட்டா கப்பல் கிளம்பிடுமாடி? அப்போ நான் போட்ட கையெழுத்து எதுக்கு?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னாள். "ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தேன். ரத்த ரத்தமா துப்பிக்கிட்டிருந்தேன். பிழைப்பேன்னு டாக்டரே சொல்லல. இல்லத்து அம்மா ரெண்டு காகிதம் கொண்டுவந்தா. வெயில் அடிக்கிற ஊரு, புள்ளைங்களுக்கு உன் சீக்கு ஒட்டாது, ரெண்டும் ஒண்ணாவே இருக்கும்னா. ரெண்டுலயும் போட்டேன். ஆஸ்திரேலியான்னு படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். தெரியாமப் போட்டேன்னு சொல்ல மாட்டேன். நான் எந்திரிச்சு வந்து பாத்தா நீ நிக்கிறே, அவன் இல்ல. கையெழுத்தை உன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

ஒரே சமையலறையில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம், டெஸ்மண்ட். அவள் என்னிடம் மறைத்தாள், நான் அவளிடம் மறைத்தேன், நீ அங்கே தன்னந்தனியாக உன்னையே திட்டிக்கொண்டிருந்தாய். கூடத்தில் படம் காட்டினானே, அவன் இதற்காக ஒரு வேளையாவது சோறு இறங்காமல் இருந்திருப்பானா என்று அம்மா கேட்கிறாள்.

நீ வரவில்லை என்பதற்கு அவள் அழவில்லை. "வராட்டிப் போறான். கோவப்படட்டும். கோவப்படறதுக்காவது அவனுக்கு ரெண்டு பேர் இருக்கோமே" என்றாள். பின்னறையை மட்டும் பழையபடி மாற்ற விடமாட்டேன் என்கிறாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ கொடுத்தாக வேண்டும் என்று ஆகிவிடும். அதனால் கேட்கவில்லை.

பெரில்

*

மெரிடின்
19 ஆகஸ்ட் 1990

அன்புள்ள பெரில்,

கோபம் போகவில்லை. அது போகும்போது போகட்டும். ஆனால் ஒவ்வொருவராகப் பிடித்துக் கோபித்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. களைத்துவிட்டேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. என்னை அங்கே ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் இருந்தேன். குற்ற உணர்ச்சியாலானாலும் இரண்டு பேர் தினமும் நினைத்திருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

டிக்கெட் வாங்கிவிட்டேன். செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை காலை, மான்செஸ்டர் விமான நிலையம். நீ மட்டும் வா. அம்மாவை முட்டி வலியோடு இழுத்துக்கொண்டு வராதே, வீட்டிலேயே உட்கார்ந்திருக்கட்டும். கார் ஓட்டும்போது என்னிடம் அதிகம் பேசாதே, நானும் பேச மாட்டேன். எனக்காகத் தனியாக எதுவும் சமைக்க வேண்டாம்.

இன்னொன்று. அம்மா என்று காகிதத்தில் எழுத வருகிறது. வாயால் சொல்லி நாற்பது வருஷம் ஆகிறது. நேற்று கொட்டகையில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை சத்தமே வரவில்லை. அடுத்த தடவை கொஞ்சம் உரக்கச் சொன்னேன், என்னவோ ஏதோ என்று நாய் எழுந்து வந்துவிட்டது. வாசலில் வந்து நின்று, அந்த வார்த்தை வராமல் நான் விழித்தால், கோபத்தினால் இல்லை, பழக்கம் இல்லாததனால் என்று அவளிடம் முன்னாலேயே சொல்லி வை.

உன் தம்பி,
டெஸ்