ஏறும் கோடு கத்தார், இறங்கும் கோடு சவூதி

ஜனவரி 21, 2025, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பள்ளியில் பொருளியல் கண்காட்சி. மரமண்டைகளான எங்கள் இருவருக்கும் பரிமளா மிஸ் கொடுத்த தலைப்பும் மரம்தான். கத்தாரும் சவூதியும் பத்து வருடங்களில் எவ்வளவு மதிப்புக்குக் கெட்டி மரப் பலகை இறக்குமதி செய்தன என்று ஒப்பிட வேண்டும். கோடு போடுவது என் பெஞ்சுக்காரன் அறிவரசன். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்பது நான். கத்தாருக்குச் சிவப்பு: 2022 உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும்வரை ஏறி, பிறகு சரிகிறது. சவூதிக்குப் பச்சை: கடைசி வருடங்களில்தான் கிளம்புகிறது.

"தின்னது போதும் சஃப்வான், பசையாவது தடவுடா" என்றான். தடவினேன்.

ஜனவரி 24, வெள்ளி

செய்துவிட்டேன்! சார்ட்டின் மூலையில் இருந்த நாட்டுப் பெயர்ச் சீட்டு இரண்டையும் உரித்து இடம் மாற்றி ஒட்டினேன். இப்போது ஏறும் கோடு கத்தார், இறங்கும் கோடு சவூதி. மிஸ் கேட்பார், அறிவு முழிப்பான், நான் சிரிப்பேன் – திட்டம் அவ்வளவுதான்.

யாருமே கேட்கவில்லை. இரண்டாம் பரிசு வேறு! அரியலூர் மரப்பட்டறையில் கதவு செய்யும் அறிவின் அப்பா ராசாங்கம், அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். போனில் படம் எடுத்தார். மகன் பெருமை என்று நினைத்தேன்.

ஜனவரி 25, சனி

அப்துல் சுக்கூர் மாமா தோஹாவிலிருந்து லீவில் வந்திருக்கிறார். சோறு பிசைந்தபடியே சொன்னார்: "ராசாங்கத்துக்கு ரெண்டு விசா சொல்லி வச்சிருந்தேன். ஒண்ணு கத்தாரு, ஒண்ணு சவூதி. பத்து நாளா இழுத்தாரு. நேத்து போன் அடிச்சி கத்தாருங்கிறாரு. எங்க மரம் நெறைய எறங்குதோ அங்கதான் வேலை இருக்குமாம். மவன் போட்ட படத்தைப் பாத்தாராம்!"

"படிச்ச புள்ள இருந்தா இதான்" என்றார் அம்மா. "நீ ஏன்டா திங்கல?"

"மாமா, அந்த சவூதி விசா?"

"அதைத்தான் கல்லங்குறிச்சி ஆளுக்குக் குடுத்தாச்சே."

நான் ரெண்டு சீட்டை உரிச்சேன். அவ்ளோதான். ஒரு ஆளு நாடே மாறிட்டாரு. எப்படி? எப்படிடா?

ஜனவரி 26, ஞாயிறு

பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போய், சீட்டு மாற்றியதைச் சொன்னேன். அறிவும் அங்கே இருந்தான்.

ராசாங்கம் அப்பா இழைப்புளியை நிறுத்தினார். "வெளையாட்டுக்கா?"

"ஆமாங்கப்பா."

இழைப்புளியில் சிக்கிய மரச் சீவலை உருவிப் போட்டார். பிறகு, "மரம் வெலை ஏறினாலும் கோடு ஏறுந்தான? தெனம் மரம் பாக்குற எனக்கே அது தோணலியே" என்றார். திட்டு முழுவதும் அவருக்கே. பாஸ்போர்ட்டைக் கொடுத்தாயிற்றாம். இதையும் விட்டால் இனி எப்போது விசா வரும் என்றார்.

அறிவு அறைவான் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அறையவில்லை. சட்டையில் இருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டான்.

மார்ச் 6, வியாழன்

அறிவின் அப்பா திருச்சியில் விமானம் ஏறிவிட்டாராம். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம் தின்றேன்; முறுக்குத் தட்டை அம்மா பக்கம் தள்ளினேன்.

ஜூன் 10, செவ்வாய்

அவரிடமிருந்து குரல் செய்தி. எனக்கு! "தம்பி சஃப்வானு, உண்மைய வந்து சொன்னவன்னு உன்கிட்ட மட்டும் சொல்றேன். இங்க புதுசா ஒரு கதவும் செய்யலப்பா. மூடுன ஓட்டல்ல இருக்குற கதவைக் கழட்டுற வேலை. நாப்பது கழட்டியாச்சு. எல்லாம் லாரி ஏறி சவூதிக்குப் போவுது. ஒவ்வொரு கதவையும் எவனோ நல்லா செஞ்சிருக்கான். அறிவுகிட்ட சொல்லிப்புடாத. அவன்கிட்ட வேற மாதிரி சொல்லி வச்சிருக்கேன்."

மூன்று தடவை கேட்டேன். சவூதிக்கா?

ஜூன் 11, புதன்

நாலரை மாதம் கழித்து அறிவு என் பெஞ்சுப் பக்கம் வந்தான்.

"எங்கப்பா நாப்பது கதவு செஞ்சிட்டாராம்டா."

"தேக்காடா?"

"தேக்குதான்."

நகர்ந்தேன். உட்கார்ந்தான்.