ஞாயிற்றுக்கிழமை சீவிய பாளை

பிரியமுள்ள மாப்பிள்ளை ஞானமுத்து, என் தங்கச்சியை ஒரு நாளும் கண்கலங்க வைக்காத மனுஷனே,

நீர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பனையிலிருந்து விழுந்து இறந்துபோனீர். ஓய்வுநாளில் பனையேறியவர் என்று சபை உமக்கு மணியடிக்கவில்லை. குருவானவர் ஐயர் வந்து ஜெபம் பண்ணவில்லை. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, உடைமரத்துக்குப் பக்கத்தில் உம்மைப் புதைத்தோம். ஓய்வுநாளில் பனையேறுகிறவனுக்கு நற்கருணையும் இல்லை, சபை அடக்கமும் இல்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன் சபைக் கமிட்டி போட்ட தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உமக்கு மட்டும் சொல்வதென்றால் உம் தலைமாட்டு மணலில் உட்கார்ந்தே சொல்லியிருப்பேன்.

நான் ஏன் கையெழுத்துப் போட்டேன்? பாளையங்கோட்டையில் என் கருப்பட்டிக் கடையை ஞாயிற்றுக்கிழமை அடைத்துத்தான் வைக்கிறேன். முக்கூடல் வியாபாரி வாசலில் வந்து நின்றாலும் கதவைத் திறப்பதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை. நான் அடைக்கிறேன், பனையேறுகிறவன் ஒரு நாள் ஏறாமல் இருக்க மாட்டானா என்ற நினைப்பில் போட்டேன். கடையைத் திங்கட்கிழமை திறந்துகொள்ளலாம். பனம்பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் அது அடைத்துக்கொள்ளும், அப்புறம் பதநீர் ஒரு சொட்டும் வராது. மீசை முளைக்கும்வரை பனையேறிய எனக்கு இது தெரியாதா? கோட்டுப் போட்டதும் மறந்துபோயிற்றா? இந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மாப்பிள்ளை. பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கும் வழக்கம்போல் பாளையங்கோட்டையிலிருந்து வந்து, நான் ஊர்க்கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தேன். வெளியே சத்தம் கேட்டது. பாட்டு முடியட்டும் என்று இருந்தேன். முடிந்து நான் வந்து சேர்ந்தபோது உமக்கு மூச்சு இல்லை.

கோயில் வேலைக்காரன் கோவில்பிள்ளையிடம் மணியடிக்கச் சொன்னேன். அவன் கயிற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, ஐயரு சீட்டுத் தந்தாத்தான் நான் கயித்தத் தொட முடியும். நீங்க எல்லாரும் சேந்து போட்ட சட்டந்தான. என்னைய வையாதீய.”



உம்மைப் புதைத்த பிறகு உம் வீட்டுக்காரி கோயில் வாசலை மிதிக்கவில்லை. அவளோடு ஏழு பனையேறிக் குடும்பங்கள் நின்றுவிட்டன. வேறொரு சபையின் உபதேசியார் வந்து பேசிப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வண்டி பிடித்து ஓடினேன். தாத்தா காலத்திலிருந்து அடியும் உதையும் பட்டு நாம் காப்பாற்றிய சபை. அதைவிட்டு என் தங்கச்சியே போவதா?

அவள் அடுப்படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பனையேறிகள் உம் பனைகளையும் சேர்த்துச் சீவித் தருகிறார்கள்.

“அண்ணே, அங்கன போனா செத்த பொறவு மணி அடிப்பியளான்னு கேட்டேன். அடிப்போம்னாவ. அது போதும். எங்களுக்கும் ஒரு நாள் சாவு வரும்லா?”

“அவசரப்படாத தாயி. மாப்பிள்ளைய எடுத்துத் தோட்டத்துக்குள்ள வைக்கதுக்கு நான் பேசுதேன்.”

“ஒண்ணும் எடுக்காண்டாம். கெடக்கவரு நிம்மதியாக் கெடக்கட்டும். ஐயரு வெளிய வரட்டும். அங்கி போட்டு, வேலியத் தாண்டி வந்து, அவரு தலைமாட்டுல நின்னு வாசிக்கட்டும். அப்ப நானும் உள்ள வருதேன்.”

வியாபாரத்தில் இவ்வளவு சுத்தமாக விலை சொன்னவரை நான் பார்த்ததில்லை.

கமிட்டியைக் கூட்டினேன். காரியதரிசி வாத்தியாரை உமக்குத் தெரியும். வேதப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, “ஓய்வுநாள ஆசரிக்கச் சொன்னது நானா வே? கர்த்தரு,” என்றார்.

“உம்ம வீட்டுப் பசுவ ஞாயித்துக்கெழம கறக்கீரா, இல்லையா?”

“கறக்காம விட்டா மடி கட்டிக்கிடும்லா.”

“பாளையும் அப்படித்தான் வே கட்டிக்கிடும். பசுவுக்குக் காட்டுத எரக்கத்த என் மாப்பிள்ளைக்குக் காட்டப்படாதா?”

ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர் விடவில்லை. “அண்ணாச்சி மட்டும் கருப்பட்டிய நாள் பாத்தா வாங்குதாவ?”

“இல்ல. நான் வித்ததுலயும் ஞாயித்துக்கெழமப் பதநீரு உண்டு. அறுப்புப் பண்டிகைக்கு நாம படைச்சதுலயும் உண்டு. நீரு இப்பக் குடிச்ச கருப்பட்டிக் காப்பியிலயும் உண்டு வே. துப்பிருதீரா?”

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வாத்தியார் மகன் கலியாணத்தில் பெண் வீட்டாரைக் கசக்கிப் பிழிந்து வரதட்சணை வாங்கினார்கள். பெண்ணின் தகப்பன் இருந்த வயலையும் விற்றான். அதற்கு ஒரு தீர்மானம் உண்டா? அந்தப் பையன்தான் நற்கருணைக்கு முதல் ஆளாக முழங்காலில் நிற்கிறான். வீட்டில் குடும்ப ஜெபம் நின்று எத்தனை காலமாயிற்று என்று அவனை ஒருவரும் கேட்பதில்லை. மேலே ஏறிப் பிழைக்கிறவன் தலையில் மட்டும் நாம் சட்டம் வைக்கிறோம். பக்தி குறைந்துபோயிற்று என்று வருஷமெல்லாம் புலம்புகிறோம். நாமே துரத்திவிட்டு, யார் வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஓய்வுநாளை நான் கேலி செய்யவில்லை, மாப்பிள்ளை. அது பரிசுத்தமான நாள் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அது மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று ஆண்டவரே சொல்லியிருக்க, நாங்கள் அதை உம்முடைய பிணத்தின்மேல் தூக்கி வைத்தோமே.

ஐயர் இளவயசுக்காரர். என் தங்கச்சி கேட்டதை அவரிடம் அப்படியே சொன்னேன். “அந்த அம்மா சொன்னபடியே நான் வெளியே வருதேன்,” என்றார். வாத்தியார் சும்மா விடுவாரா? சபைக்குள் கலகம் பண்ணியதற்கு நான் ஒரு விலை கொடுக்க வேண்டும் என்றார். சரி என்றேன்.

பேசி முடித்தது இவ்வளவு. வருகிற ஞாயிறு ஐயர் அங்கியோடு வேலியைத் தாண்டி வந்து, அடக்க ஆராதனையை ஒரு வரி விடாமல் உம் தலைமாட்டில் வாசிப்பார். அது முடியும்வரை மணி அடிக்கும். உம் பெயர் சபைப் புத்தகத்தில் ஏறும். பனையேறுகிறவர்கள் விடியுமுன் பாளை சீவிவிட்டு ஆராதனைக்கு வரலாம், பொழுது சாயும்போது மறுபடி ஏறலாம். நற்கருணைக்கும் அடக்கத்துக்கும் தடை இல்லை. வாத்தியார் கேட்ட விலையாக, கமிட்டியில் என் இடத்தை நான் விட்டுவிட வேண்டும். இனி ஆயுசுக்கும் அதைத் திரும்பக் கேட்கக்கூடாது. கடைசி வரிசையில் பனையேறிகளோடு உட்கார்ந்துகொள்வேன் என்று மனசுக்குள் உமக்கு வாக்குக் கொடுத்து, பழைய தீர்மானத்தில் இருந்த என் கையெழுத்தை அவர்கள் முன்னாலேயே கோடு போட்டு அடித்தேன்.

உம் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்,
உம் மச்சான்