ஒப்பாரியின் முதல் குரல்

அன்பு மருமகள் சுகுணாவுக்கு,

நம் ஊர் ஒப்பாரியை நீ கிடாரோடு பாடி உலகமே கேட்கும் என்று நீ தொட்டிலில் கிடந்தபோதே சொன்னவன் நான். அப்போது யாரும் நம்பவில்லை.

ஆனால் நீ பாடிப் போட்ட வீடியோவுக்குக் கீழே, முதலில் பாடியவர் மாதவராஜ் என்று எழுதியிருக்கிறாயே கண்ணு! உன் அத்தையின் அப்பா இறந்த அன்று, பந்தலில் டேப்ரிக்கார்டர் முன்னால் பாடியது நான். என் குரலுக்கு மொரப்பூரில் ரயிலே ரெண்டு நிமிஷம் கூடுதலாக நின்றது. பிறகு கடத்தூர் கடைக்காரர் அதைக் கேசட்டாகப் போட்டபோது, அட்டையில் அவன் பெயரை அச்சடித்துவிட்டார்.

நேற்று உன் பாட்டைப் போட்டதும் அத்தை அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"மாதவராஜ் பாடுனப்பதாங்க எங்கப்பன் போயிட்டாருன்னே எனக்கு ஒறைச்சுது" என்றாள்.

அழுத கண்ணுக்கு ஆள் மாறித் தெரிந்திருக்கும். முப்பது வருஷமாக நானும் இந்த வூட்டில் பாடுகிறேன், ஒருநாளும் அவள் அடுப்பை விட்டு வந்ததில்லை.

அவன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடு.

வேண்டாம், இரு. பாடியது நான் என்பது மட்டும் நானாகச் சேர்த்தது. நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கேசட்டில் பாட்டின் நடுவே ஒருவன் தேம்புவது கேட்கும். அது நான்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்